கர்ப்ப காலத்தில் வலி மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து கொடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் கர்ப்பிணிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதைப் போடலாமா?" கையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். எட்டு மாத்திரை போட்டு முடிந்து, இரண்டு மிச்சம். பெயர் அச்சிட்ட பக்கம்தான் சரியாகக் கிழிந்து போயிருக்கும்.

நான் பதிலுக்குக் கேட்பேன்: எத்தனையாவது வாரம்? என்ன வலி? எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்? கூட வேறு என்ன மருந்து? இதெல்லாம் தெரியாமல் "போடலாம்", "போடக்கூடாது" என்று ஒரு சொல்லில் யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். ஒரே மாத்திரை 10ஆவது வாரத்தில் ஒரு மாதிரி, 30ஆவது வாரத்தில் வேறு மாதிரி. கீழே இருப்பவை விவரம் தெரிந்துகொள்ளத்தான். உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கான முடிவு.

கர்ப்பம் என்று தெரியாமலே வலி மாத்திரை போட்டுவிட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

இரவு முழுக்கத் தூங்காமல் காலையில் வந்து கேட்பவர்கள் அதிகம். அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. நாள் தள்ளிப்போவதற்கு முன்னால் ஒன்றிரண்டு இபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய காரணமே இல்லை.

வாரக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லும் வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. "நான்காவது வாரம்" என்றால் கரு உருவாகி இரண்டு வாரம்தான் ஆகிறது. அந்த முதல் இரண்டு வாரத்தில் பெரிய பாதிப்பு வந்தால் கரு தங்காது. தங்கிவிட்டால் பெரும்பாலும் பழுதில்லாமல் வளரும். உறுப்புகள் உருவெடுப்பது அதற்குப் பிறகு, ஏறக்குறைய 5ஆவது வாரத்திலிருந்து 10ஆவது வாரம் வரை. மருந்து விஷயத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது.

கருத்தரிக்கும் நேரத்தில் இபுபுரோஃபென் வகை மாத்திரை போட்டவர்களுக்குக் கருச்சிதைவு சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. அதனால் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களை அந்த வகையைத் தவிர்க்கச் சொல்வோம். போட்டு முடித்தவர் அதை நினைத்து வருந்திப் பயனில்லை. எந்த மருந்தும் தொடாத தாய்மார்களின் குழந்தைகளிலும் 100க்கு ஏறக்குறைய 3 பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சில மருந்துகளுக்கு மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கக்கூடாது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், மைக்ரேனுக்கு வால்ப்ரோயேட் அல்லது டோப்பிராமேட், அப்புறம் டைக்ளோஃபெனாக்குடன் மிசோப்ரோஸ்டால் சேர்ந்த மாத்திரை. இந்தக் கடைசி ஒன்றை வயிற்றுப் புண் வராமல் இருப்பதற்காகச் சேர்க்கிறார்கள், ஆனால் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. இவற்றில் எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள்.

பாராசிட்டமால் மட்டும்தான் போடலாம் என்கிறார்கள். அதுவே ஆட்டிசம் வரவழைக்கும் என்றும் சொல்கிறார்களே?

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுப்பதையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி எச்சரித்தது. அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் மருந்துத் தாளில் எச்சரிக்கை சேர்க்கும் வேலையைத் தொடங்கியது. அதே வாரத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து முகமையும், அப்படித் தீர்மானமாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றன. ஐரோப்பிய முகமை தன் பரிந்துரையை மாற்றவே இல்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? பாராசிட்டமால் போட்ட தாய்மார்களின் குழந்தைகளையும் போடாதவர்களின் குழந்தைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில் சின்ன வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மாத்திரை போட்டவர் சும்மா போடவில்லை. காய்ச்சல் இருந்திருக்கும், மைக்ரேன் இருந்திருக்கும், தொற்று இருந்திருக்கும். இரண்டு குடும்பங்களின் மரபணுவும் வேறு. வித்தியாசம் மாத்திரையால் வந்ததா, மாத்திரை போட வைத்த காரணத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2024இல் வந்த ஸ்வீடன் ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டது: ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்திருக்கிறார், இன்னொன்றில் எடுக்கவில்லை. அப்படிப் பார்த்ததும் அந்தச் சின்ன வித்தியாசம் மறைந்துவிட்டது.

அதற்காக மிட்டாய் மாதிரி விழுங்கலாம் என்று அர்த்தமில்லை. வலி தாங்கும் அளவுக்குக் குறைந்த டோஸ், முடிந்தவரை குறைந்த நாட்கள். வழக்கமாக 500 முதல் 1000 மில்லிகிராம், அடுத்ததற்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ உச்ச அளவு இன்னும் குறையும். இரண்டு மூன்று நாள் போட்டும் வலி விடவில்லை என்றால் நான்காவது நாள் மாத்திரைக்குப் பதிலாக டாக்டரைத் தேடுங்கள்.

காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வதும் நல்லதல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதிகக் காய்ச்சலை அப்படியே விடுவது குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பாராசிட்டமாலுக்குப் பயந்து காய்ச்சலோடு படுத்திருப்பது லாபமில்லாத வியாபாரம்.

அட்டையில் பாராசிட்டமால் என்று இருக்கிறது. தைரியமாகப் போடலாமா?

முழுதாகப் படித்தீர்களா? பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருப்பதுதான் மருந்து. "பாராசிட்டமால்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியோ "மற்றும்" என்ற பொருளில் ஒரு சொல்லோ இருந்தால் நிறுத்துங்கள். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம், டிரமடால், காஃபீன் என்று எது வேண்டுமானாலும் கூடவே வரலாம். போன வருடம் இடுப்புவலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அலமாரியில் மிச்சமிருக்கும். "பாராசிட்டமால்தானே" என்று எடுத்துப் போட்டவர்கள் அசெக்ளோஃபெனாக்கையும் சேர்த்தே விழுங்கியிருப்பார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். சளி மாத்திரையில் ஒரு பாராசிட்டமால், தலைவலி மாத்திரையில் ஒன்று, தனியாக ஒன்று. மூன்றும் ஒரே கணக்கில்தான் சேரும். அளவு மீறினால் அம்மாவின் கல்லீரலோடு குழந்தையின் கல்லீரலும் அடிபடும். தவறுதலாக அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. விஷத்தை முறிக்கும் மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் இவற்றை 20 வாரத்துக்குப் பிறகு ஏன் கூடாது என்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பனிக்குடத்தில் குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? கர்ப்பத்தின் பாதிக்கு வரும்போது அதில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். குழந்தை அந்த நீரைக் குடிக்கிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது, திரும்ப வெளியே விடுகிறது. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் நுரையீரல் விரிந்து வளர்வதும் கைகால் நீட்டி மடக்குவதும் இந்த நீர் இருப்பதால்தான். குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். நம் உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். இபுபுரோஃபென் வகை மாத்திரை அதைத் தடுப்பதால்தான் நமக்கு வலி குறைகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் அங்கேயும் அதையே செய்கிறது. சிறுநீர் குறைகிறது, பனிக்குட நீர் வற்றுகிறது.

இரண்டாவது சிக்கல் இதயத்தில். வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு குறுக்குக் குழாய் வழியாக நேரே உடம்புக்குப் போகிறது. பிறந்து முதல் மூச்சு எடுத்த பிறகு மூட வேண்டிய குழாய் அது. அதைத் திறந்து வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின். கடைசி மூன்று மாதத்தில் இந்த மாத்திரைகள் அந்தக் குழாயை முன்கூட்டியே மூட வைக்கலாம், நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறலாம்.

இதயப் பிரச்சினைக்காக 30 வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்பது பழைய எச்சரிக்கை. சிறுநீரகப் பிரச்சினைக்காக அதை 20ஆவது வாரத்திலிருந்தே என்று முன்னகர்த்தியது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2020 அக்டோபரில். 20க்கும் 30க்கும் இடையில் டாக்டர் அவசியம் என்று நினைத்தால் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுக்கலாம். 48 மணி நேரத்தைத் தாண்டினால் நீரின் அளவை ஸ்கேனில் பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அந்த அறிவுரை. கடையில் நீங்களாக வாங்கிப் போடுவது இதில் சேராது.

தெரியாமல் ஒன்று போட்டுவிட்டீர்களா? நிறுத்துங்கள், அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். நாள்கணக்கில் போட்டிருந்தால் பரிசோதனை வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினால் குறைந்த நீர் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடுகிறது.

கீட்டோரோலாக், எட்டோரிகாக்சிப், மாதவிலக்கு வலிக்கு எடுக்கும் மெஃபெனாமிக் அமிலம் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

ஆஸ்பிரினும் அதே குடும்பம்தானே? எனக்கு டாக்டரே எழுதித் தந்திருக்கிறாரே!

அது வலிக்கு இல்லை. ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் முன்சூல்வலிப்பு என்ற நோய் வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான சின்ன டோஸ் ஆஸ்பிரின் தருவார்கள். பொதுவாக 12ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்குவார்கள். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்குப் பொருந்தாது. யாரோ பயமுறுத்தினார்கள் என்று இதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் தலைவலிக்குப் போடும் 300, 500 மில்லிகிராம் ஆஸ்பிரின் வேறு கதை, அது வேண்டாம்.

தைலம், வலிக்குத் தடவும் ஜெல், ஒட்டும் பிளாஸ்டர்?

தோலில் தடவினால் ரத்தத்தில் சேர்வது குறைவு, பூஜ்யம் அல்ல. டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கடைசி மூன்று மாதத்தில் தவிர்க்க வேண்டும். அதற்கு முன்பும் கேட்டுவிட்டுத்தான். சுடுநீர்ப் பை, இளஞ்சூட்டுக் குளியல், படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி. இடுப்புவலிக்கு இவை மாத்திரைக்குச் சளைத்தவை அல்ல. சுடுநீர்ப் பையை வயிற்றில் மட்டும் வைக்க வேண்டாம்.

டிரமடால், கோடீன், மார்ஃபின் மாதிரி மாத்திரைகளைக் கர்ப்பத்தில் எழுதித் தருவார்களா?

தருவார்கள். சிறுநீரகக் கல், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்று பாராசிட்டமாலுக்கு அடங்காத வலிகள் கர்ப்பிணிக்கும் வரும். வலியில் துடிப்பவரைப் பார்த்து "குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்" என்பது மருத்துவம் இல்லை. இவை எல்லாம் ஓபியாய்டு என்ற வகை. சில நாட்களுக்குக் குறைந்த அளவில், டாக்டரின் பார்வையில் எடுப்பதற்கும், மாதக்கணக்கில் தினமும் எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முதல் மூன்று மாதத்தில் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குச் சில பிறவிக் குறைகள் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியே இருந்தாலும் தனி ஒரு குழந்தைக்கு அந்த வாய்ப்பு சிறியதுதான். இன்னும் உறுதியாகத் தெரிந்த பிரச்சினை பிறக்கும்போதுதான் வருகிறது. பிரசவத்துக்குச் சற்று முன் எடுத்தால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். கடைசி மாதங்களில் தொடர்ந்து எடுத்தால் குழந்தையின் உடம்பும் மருந்துக்குப் பழகியிருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் மருந்து நின்றுபோகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் குழந்தை கீச்சென்று இடைவிடாமல் அழும், கைகால் நடுங்கும், அடிக்கடித் தும்மும், பால் குடிக்கத் தடுமாறும், பேதியாகும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது: மங்கலான வெளிச்சம், சத்தமில்லாத அறை, அம்மாவின் மார்போடு சேர்த்து அணைத்தல், அடிக்கடிப் பால். தேவைப்பட்டால் மருந்து. பிரசவ அறைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் தயாராக இருப்பார்கள். மறைத்தால் அந்த அழுகைக்குக் காரணம் தேடி நேரம் போகும்.

அப்படியானால் நான் தினமும் எடுக்கும் டிரமடாலை இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்.

வேண்டாம். குழந்தை மேலுள்ள அக்கறையில் செய்யும் காரியம்தான், ஆனால் ஆபத்தான காரியம். வாரக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். அந்த அதிர்ச்சி குழந்தைக்கும் போகும், குறைப்பிரசவத்தில் கூட முடியலாம். குறைப்பதென்றால் டாக்டர் போடும் அட்டவணைப்படி மெதுவாக. சிலருக்கு மாத்திரையை விட முடியாத பழக்கமாகவே ஆகியிருக்கும். அவர்களுக்கு அதே வகையைச் சேர்ந்த மாற்று மருந்தான மெத்தடோன் அல்லது பியூப்ரினார்ஃபின் கொடுத்துப் பிரசவம் வரை நிலையாக வைத்திருப்பதே சிபாரிசு செய்யப்படும் சிகிச்சை. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

மைக்ரேன் வந்தால் என்ன செய்வது?

நிறையப் பெண்களுக்கு மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மைக்ரேன் தானாகவே குறைகிறது. வந்தால் முதலில் பாராசிட்டமால், இருட்டறை, தண்ணீர். அதற்கு அடங்கவில்லை என்றால் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையில் சுமாட்ரிப்டானுக்குத்தான் கர்ப்பிணிகளிடம் அதிக அனுபவம் இருக்கிறது; டாக்டர் எழுதினால் பயப்பட வேண்டாம். எர்கோட்டமைன் சேர்ந்த பழைய மாத்திரைகள் கூடவே கூடாது. ரத்தக் குழாய்களையும் கருப்பையையும் சுருக்கும்.

நரம்பு வலிக்குப் பிரகாபலின் எடுக்கிறேன்.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் ஒரு பெரிய ஆய்வைச் சுட்டி எச்சரித்தது. முதல் மூன்று மாதத்தில் பிரகாபலின் எடுத்தவர்களின் குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 6 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருந்தது. எடுக்காதவர்களில் 100க்கு 4. குழந்தைக்குத் திட்டமிடும்போதே பேசி மாற்ற முடியுமா என்று பாருங்கள். கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது என்றால் இதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது.

பல்வலி. பிரசவம் முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எதற்காகக் காத்திருக்க வேண்டும்? சொத்தைப் பல்லுக்கு ஆறு மாதம் மாத்திரை போடுவதைவிட ஒரு நாள் பல் டாக்டரிடம் உட்காருவது மேல். மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசியைக் கர்ப்பத்தில் போடலாம். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் வசதி. சீழ் பிடித்திருந்தால் எந்த மாதமாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"இது பி வகை மருந்து, பாதுகாப்பு" என்று இணையத்தில் இருந்தது. நம்பலாமா?

கர்ப்பத்தில் மருந்தின் ஆபத்தைக் குறிக்க ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று போட்ட அந்த எழுத்து முறையை 1979இல் கொண்டுவந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2015 முதல் புதிய மருந்துத் தாள்களில் அதைக் கைவிட்டது. பள்ளிக்கூட மார்க் மாதிரி எல்லாரும் அதைப் படித்ததுதான் கோளாறு. ஒரே எழுத்துக்குள் 10ஆவது வாரமும் 30ஆவது வாரமும் அடங்காது.

எந்த வலிக்கு மாத்திரையே போடாமல் ஓட வேண்டும்?

20 வாரத்துக்குப் பிறகு வரும் கடுமையான தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. இது முன்சூல்வலிப்பாக இருக்கலாம். மாத்திரை போட்டால் தலைவலி அடங்கும், ரத்த அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் ரத்தக் கட்டாக இருக்கலாம். வயிற்றுவலியோடு ரத்தப்போக்கு, விட்டுவிட்டு வந்து நேரம் நெருங்கும் இடுப்புவலி, காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்த முதுகுவலி, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றுக்கு நடுராத்திரி என்றும் பார்க்க வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுக்கும்போது?

இங்கே ஆட்டம் மாறுகிறது. 20ஆவது வாரத்தில் ஓரங்கட்டிய இபுபுரோஃபென் இப்போது திரும்பி வரலாம். தாய்ப்பாலில் அது போகும் அளவு மிகக் குறைவு. சிசேரியன் தையல் வலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுப் பிடிப்புக்கும் பாராசிட்டமாலோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

மாறாக, கோடீனும் டிரமடாலும் பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அம்மாவுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை, பாலில் மார்ஃபின் ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் வலுவான மருந்து ஏதாவது கொடுத்திருந்தால் குழந்தையைப் பாருங்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறதா, மார்பில் வைத்தாலும் உறிஞ்சாமல் துவண்டு கிடக்கிறதா, மூச்சு விட்டுவிட்டு வருகிறதா? ஆம் என்றால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு குழந்தையோடு உடனே கிளம்புங்கள். பெயர் இருக்கும் பக்கம் கிழியாமல் இருக்கட்டும்.